உள்ளே இருக்கும் நண்பர்

மார்ச் 3, செவ்வாய்

ஜெரால்டு பொய்யன். "கம்பெனிக்கு உள்ளே இருக்கிற நம்ம நண்பர்" என்று கேமராவைப் பார்த்து அவன் சொல்கிறானே, அப்படி ஒருவர் கிடையவே கிடையாது. அந்த நண்பர் நான்தான். நான் எந்தக் கம்பெனிக்கு உள்ளேயும் இல்லை. வளசரவாக்கத்தில் ஆபீஸ் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மொட்டை மாடி அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருக்கிறேன்.

'பொத்தான் பேச்சு' எங்கள் யூடியூப் சேனல். எங்கள் என்று எழுதுவது பழக்கதோஷம். சேனல் ஜெரால்டுடையது. நான் எழுதுவேன், அவன் பேசுவான். இப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு, அடுத்து வரப்போகும் கன்சோல். டிவியில் மாட்டி கேம் ஆடும் அந்தப் பெட்டிக்குள் என்ன கிராபிக்ஸ் சிப் இருக்கும், பழையதைவிட எவ்வளவு வேகம், இதுதான் கேள்வி. கம்பெனி வாயைத் திறக்கவில்லை. அது வாயைத் திறக்காத வரைக்கும்தான் எங்களுக்குச் சோறு.

போன வாரம் வெளிநாட்டு இணைய மன்றம் ஒன்றில் ஒரு மங்கலான படம் வந்தது. கருப்பு போர்டு. நடுவில் சதுரமாகக் கிராபிக்ஸ் சிப். அதைச் சுற்றி மெமரி சிப்புகள், வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மாதிரி. ஒரு ஓரத்தை மட்டும் யாருடைய கட்டைவிரலோ மறைத்திருக்கிறது. நீல ரப்பர் உறை மாட்டிய விரல். அந்த விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் உலகம் முழுக்கச் சண்டை. மெமரி சிப் மொத்தம் எட்டா, பத்தா? எட்டு என்றால் எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பத்து என்றால் கிராபிக்ஸ் சிப்புக்குப் போகிற பாதை அந்த அளவுக்கு அகலம், பெட்டி பேய் மாதிரி ஓடும்.

என்னைக் கேட்டால் அந்தப் படத்தை வெளியே விட்டதே கம்பெனிதான். எந்தத் தொழிலாளியின் விரலும் அவ்வளவு சரியாக, கேட்கவேண்டிய கேள்வியின் மேலேயே போய் உட்காராது. காசு செலவில்லாத விளம்பரம்.

இதைக் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், ஆபீஸ் கம்ப்யூட்டரில் எதை எழுதினாலும் ஜெரால்டு திறந்து படித்துவிடுகிறான்.

மார்ச் 5, வியாழன்

வீட்டுக்காரர் மோட்டார் சுவிட்சைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மறதியாம். நான் நம்பவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சசி அக்காவைப் பற்றி எழுதாமல் இந்த வீட்டைப் பற்றி எழுத முடியாது. கரையான்சாவடியில் இந்த ஒற்றை அறையும் சமையல் மூலையும் அவள் பெயரில்தான் வாடகைக்கு. நான் டிப்ளமோ முடித்துச் சும்மா இருந்தபோது என்னைச் செய்யாறிலிருந்து இங்கே அழைத்துவந்தவள் அவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்கிறாள், நாற்காலி கிடையாது.

இன்னும் கான்ட்ராக்ட்தான். ஏஜென்சிக்காரன் "நாளையிலிருந்து வராதே" என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் முடிந்தது. இந்த ஏப்ரலில் சிலரைக் கம்பெனி ரோலுக்கு எடுக்கிறார்களாம், நிரந்தரம். தன் பெயர் அதில் இருப்பதாக லைன் சூப்பர்வைசர் சொன்னாராம். அக்கா எதற்கும் துள்ளிக் குதிக்கிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு வரும்போது கால் கிலோ காராபூந்தி வாங்கிக்கொண்டு வந்தாள்.

என்ன செய்கிறார்கள் என்று அவர்களுக்கே சொல்வதில்லை. போனை வாசலிலேயே பூட்டி வைத்துவிட வேண்டும். போர்டுக்குப் பெயர் இல்லை, எண்தான். "என்ன போர்டுக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். "கருப்பு போர்டு" என்றாள். இந்தக் காலத்தில் பாதி போர்டு கருப்புதான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

என் வேலையைப் பற்றி அவளும் கேட்பதில்லை. அவளுக்கு அது 'கேம்ஸ் ஆபீஸ்'.

மார்ச் 8, ஞாயிறு

மகளிர் தினம். கம்பெனியில் நேற்றே கொண்டாடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு ரோஜாப்பூ. வெளியே வரும்போது செக்யூரிட்டி அந்தப் பூவையும் பிரித்துப் பார்த்தானாம், உள்ளே ஏதாவது திருடி வைத்திருக்கிறார்களா என்று. காம்பும் நாலு இதழுமாக வந்ததை அக்கா தம்ளரில் போட்டு வைத்திருக்கிறாள். எனக்கு எரிகிறது. அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

"ஷகிலா இன்னா பண்ணா தெரியுமா? அந்தாள் பாக்க பாக்கவே இதழெல்லாம் வாயில போட்டு மென்னுட்டா. 'இப்ப வயித்த ஸ்கேன் பண்ணு'ன்றா."

ஷகிலா அக்காவுக்குப் பக்கத்து இடத்தில் நிற்பவள். குன்றத்தூர். வாய் அதிகம்.

மதியம் புளிக்குழம்பு. பூண்டை நான் உரித்தேன், ஏனென்றால் அக்காவால் முடியவில்லை. வலது கட்டைவிரல் வீங்கி, நகத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது.

"இன்னாக்கா ஆச்சு?"

"பட்டை ஒட்றதுடா. ரோஸ் கலருல ஒண்ணு வரும், ரப்பர் மாதிரி. மேல இருக்கற தாளை நகத்தால உரிச்சி, வச்சி அமுக்கணும். பல்லி வாலு மாதிரி நெளியும், கையில நிக்காது சனியன். ஒரு போர்டுக்குப் பத்து."

"பத்தா?"

"பத்துதான். கண்ண மூடனா அதான் வருது."

"சிப்பு மேலயா ஒட்றீங்க?"

"எங்க ஒட்டச் சொல்றாங்களோ அங்க. நீ பூண்டப் பாருடா, தோலோட போட்டு வச்சிருக்க."

குழம்பு நன்றாக இருந்தது. அப்பளம் தீய்ந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

இன்று முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

மெமரி சிப்பின் அளவு உலகத்துக்கே தெரிந்தது. படத்தில் அதை அடிக்கோலாக வைத்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடலாம். சிப்புக்கும் சிப்புக்கும் இடையே உள்ள இடைவெளி தெரிகிறது. விரல் மறைத்திருக்கும் நீளமும் தெரிகிறது. அந்த நீளத்தில் எத்தனை சிப் உட்காரும் என்பது வெறும் வகுத்தல். ஓரத்தில் ஒன்று கொஞ்சம் இடிக்கிறது, ஆனால் படம் சாய்வாக எடுத்தது, அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். போன வாரம் எட்டு என்றுதான் தோன்றியது. இன்று தெளிவாகப் பத்து.

இது தர்க்கம். யாரும் சொல்லி எழுதியது இல்லை.

ஸ்கிரிப்டில் சூட்டை இழுக்க ஒட்டும் பட்டையைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தேன். நம்பும்படி இருக்க வேண்டுமே. அந்தப் பட்டை எல்லா போர்டிலும் இருப்பதுதான்.

மார்ச் 10, செவ்வாய்

ஷூட்டிங். ஜெரால்டு டி-ஷர்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். பள்ளிக்கூட விழாவுக்குப் போகிற பிள்ளை மாதிரி முகத்துக்குப் பவுடர் வேறு. ஆனால் பேசத் தெரிந்தவன், அதை மறுக்க முடியாது. குரலைத் தாழ்த்தி, "மெமரி சிப்பு மொத்தம் பத்து. சொன்னது யாரு? உள்ளே இருக்கிற நம்ம நண்பர். ஒவ்வொண்ணு மேலயும் ரோஸ் கலர்ல ஒரு பட்டை. கையில எடுத்தா பல்லி வாலு மாதிரி நெளியுமாம்" என்றான். எனக்கே புல்லரித்தது.

முடித்துவிட்டு என் முதுகில் தட்டினான். "தலைவா, அந்தப் பல்லி வாலு இருக்கே, அதுதான் மேட்டரு. அது ஒண்ணு போதும், கையில தொட்டவன் சொல்ற மாதிரியே இருக்கு. எங்க புடிச்ச?"

"தோணிச்சு."

"தோணிச்சா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

வெடித்துவிட்டது. வெளிநாட்டு மன்றத்தில் யாரோ எங்கள் வீடியோவை மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். "இந்தியத் தொழிற்சாலையிலிருந்து வந்த தகவல்" என்று தலைப்பு. எட்டு என்று சாதித்துக்கொண்டிருந்த பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பின்வாங்குகிறார்கள். ஒருவன் பத்தை வைத்துக் கிராபிக்ஸ் சிப்பின் படமே வரைந்துவிட்டான்.

என் பெயரைப் போடச் சொன்னேன். ஜெரால்டு கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"பேரா? பேரு தெரிஞ்சா அப்புறம் அவரு உள்ளே இருக்கிற நண்பரா தலைவா? பக்கத்து வீட்டு நண்பர் ஆயிடுவாரு."

இதுதான் இவர்கள். உழைப்பு ஒருவனுடையது, முகம் இன்னொருவனுடையது. இந்தப் பெட்டி கடைக்கு வரும்போது அதை வாங்கப்போகிறவன் எவன்? கமெண்டில் கத்துகிறவர்களில் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். நான் வாங்க மாட்டேன். நான் இதுவரை ஆடியதெல்லாம் ஜெரால்டின் பழைய கன்சோலில், அவன் சாப்பிடப் போகிற நேரத்தில். ஆனாலும் அதன் குடல் வரைக்கும் எங்களுக்குத் தெரிய வேண்டும். நடிகர் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டில் என்னென்ன போட்டார்கள் என்று பேசுகிறவர்கள் மாதிரி.

மார்ச் 14, சனி

அக்காவின் விரலுக்கு ஆயின்மென்ட் வாங்கி வந்தேன். "இன்னாடா திடீர்னு பாசம்?" என்றாள்.

மார்ச் 16, திங்கள்

அக்கா வந்ததும் வழக்கமாகக் கால் கழுவுவாள். இன்று கழுவவில்லை. செருப்போடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

லைனை நிறுத்திவிட்டார்களாம். எல்லோரையும் கேண்டீனுக்குக் கூட்டிப்போய் வரிசையாக நிற்கவைத்து, ஷூவைக் கழற்றச் சொல்லி, உள்ளே கைவிட்டுப் பார்த்தார்களாம். பெங்களூரிலிருந்து ஒரு அதிகாரி வந்திருக்கிறார். அவர் கத்தவே இல்லையாம். அதுதான் பயமாக இருந்தது என்கிறாள்.

"நம்ம போர்டப் பத்தி யாரோ வெளிய சொல்லிட்டாங்களாம். அதுவும் எங்க லைன்தான்னு கண்டுபிடிச்சிட்டோம்றாங்க."

"எப்படி? ஒரே போர்டை எத்தனையோ லைன்ல பண்றாங்க. சும்மா மிரட்டறாங்க."

"தெர்லடா. ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்ட்டாங்க. என்னைக் கேட்டாங்க, வீட்ல யாராவது கம்ப்யூட்டர் வேல பாக்கறாங்களான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"தம்பி காலேஜ் படிக்கிறான்னு சொன்னன்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

அக்கா தன் விரலைப் பார்த்துக்கொண்டு, "வாயில வந்துச்சி" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

தொழிலாளிகளை மிரட்டுவதற்குக் கம்பெனிக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். ஏப்ரலில் நிரந்தரம் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் இல்லையா, அதிலிருந்து தப்பிக்க மார்ச்சில் ஒரு திருட்டுப் பட்டம். கணக்கு சரியாக இருக்கிறது.

அப்படி இல்லை, நிஜமாகவே யாரோ பேசியிருக்கிறார்கள் என்றால் எனக்கு ஷகிலா மேல்தான் சந்தேகம். போன தீபாவளி சமயத்தில் பாத்ரூமில் போனோடு பிடிபட்டவள். வாய் நிற்காது. அவளுக்கு மொபைல் கடை வைத்திருக்கும் ஒருவனோடு நிச்சயம் ஆகியிருக்கிறது. மொபைல் கடைக்காரன் என்றால் போதாதா?

அக்காவிடம் சொன்னேன். "ரூமுக்குள்ள மறுபடி கூப்பிட்டா, ஷகிலா போன்ல ரொம்ப பேசுவான்னு மட்டும் சொல்லு. பொய் ஒண்ணும் இல்லையே."

அக்கா துவைத்த துணியை உதறிக்கொண்டிருந்தாள். உதறுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அவ என் பங்குக்கும் சேர்த்துப் பட்டை ஒட்றாடா. விரலு வீங்கினதுலேர்ந்து."

எனக்கென்ன தெரியும்? நான் சந்தேகத்தைச் சொன்னேன். சந்தேகப்படுவது குற்றமா?

மார்ச் 19, வியாழன்

சேனலுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. வக்கீல் ஆபீஸ். "உங்கள் தகவலின் மூலத்தைத் தெரிவிக்கவும்." ஜெரால்டுக்கு ஒரு கண்ணில் பயம், ஒரு கண்ணில் பூரிப்பு. இதையே ஒரு வீடியோவாகப் போடலாமா என்று கேட்கிறான்.

பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டான். "தலைவா, நமக்குள்ள ஒளிவு மறைவு வேணாம். உங்கக்கா எங்க வேல பாக்கறாங்க?"

"தையல் கம்பெனி. எக்ஸ்போர்ட்."

"அப்படியா? ஸ்ரீபெரும்புதூர் பஸ்சுல ஏர்றாங்கன்னு நீதான் ஒரு தடவை சொன்ன."

"அந்தப் பக்கமும் தையல் இருக்கு."

ஜெரால்டிடம் எதையும் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. அதனால்தான் அப்படிச் சொன்னேன். வேறு காரணம் இல்லை.

ஒருவேளை இவனே கம்பெனிக்குத் தகவல் கொடுக்கிறானோ? இரண்டு பக்கமும் கைநீட்டுகிற ஆள்தான்.

மார்ச் 20, வெள்ளி

ஷகிலாவை அனுப்பிவிட்டார்கள், அந்தப் பழைய போன் விவகாரத்தை வைத்து. ஏஜென்சியிலிருந்து மெசேஜ். விசாரணை முடியும்வரை வர வேண்டாம், எந்தக் கம்பெனியிலும் சேர்க்கக் கூடாது என்று மற்ற ஏஜென்சிகளுக்கும் பெயர் போயிருக்கிறதாம். போலீசில் கொடுப்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு அவர்கள் மேல் அவ்வளவு கோபம் வருகிறது. ஒரு பெண்ணின் வேலையைப் பறிக்க ஒரு நிரூபணம் வேண்டாமா?

அக்கா சாப்பிடவில்லை. லைன் மறுபடி ஓடுகிறது. ரோல் பட்டியல் அப்படியே இருக்கிறதாம், சூப்பர்வைசர் சொன்னாராம்.

மார்ச் 22, ஞாயிறு

ஷகிலா வீட்டுக்கு வந்தாள். இவ்வளவு நாளாகப் பெயரைத்தான் கேட்டிருக்கிறேன். ஒல்லியாக, குட்டையாக இருந்தாள். கன்னத்தில் பருத் தழும்பு. கையில் ஒரு டிபன் பாக்ஸ். "ஒரு வாய் சாப்பிடாம இருக்கியாமே, லைன்ல சொன்னாளுங்க" என்று அக்காவைத் திட்டிக்கொண்டே திறந்தாள். நோன்பு முடிந்து பெருநாளுக்குச் செய்த பிரியாணி. வேலை போனவள் வேலையில் இருப்பவளுக்கு.

அக்கா சாப்பிட்டாள். நான் சுவர் ஓரமாக லேப்டாப்பை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்காக என்னை அனுப்பினாங்கன்னு நீயே பாரு சசி," என்று ஷகிலா தன் போனை எடுத்தாள். "நான் கட்டிக்கப் போறவருதான் எடுத்துக் குடுத்தாரு. எவனோ ஒருத்தன் யூடியூப்ல பேசறான். பவுடர் மூஞ்சி."

ஜெரால்டின் குரல் எங்கள் அறைக்குள் கேட்டது. மெமரி சிப்பு மொத்தம் பத்து. உள்ளே இருக்கிற நம்ம நண்பர்.

"இவனுக்கு ஒண்ணுமே தெரில பாரு," என்று ஷகிலா சொன்னாள். "பத்து சிப்பாம். எட்டுதான சிப்பு? மிச்சம் ரெண்டு பட்டை சும்மா ஓரத்துல, போர்டு வளையுதுன்னு முட்டுக் குடுக்க ஒட்டச் சொன்னது. அதுவும் நம்ம லைன்ல மட்டும் ட்ரயலுக்கு. மத்த லைன்ல எல்லாம் எட்டு பட்டைதான். அந்தப் பெங்களூர்காரரு கேட்டாரே, 'பத்துன்னு உங்க லைனத் தவிர யாரு சொல்ல முடியும்'னு. நான் இன்னா பதில் சொல்றது?"

அக்கா கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. ரோஸ் கலர்ல ஒரு பட்டை. கையில எடுத்தா பல்லி வாலு மாதிரி நெளியுமாம்.

ஷகிலா போனை நிறுத்தினாள். "இந்த எடம்தான் எனக்கு இடிக்குது. பல்லி வாலுன்னு நீதானடி சொல்லுவ? லைன்ல நாங்கல்லாம் அத ரப்பரு, சனியன்னுதான் சொல்லுவோம். நீ யார்கிட்டயாவது பேசனியா சசி? தெரியாமகூட?"



அக்கா என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். பிறகு ஷகிலாவைப் பார்த்து, "இல்லடி" என்றாள். "பேசல."

"சரி. நீ சொன்னா சரி," என்று ஷகிலா டிபன் பாக்சைக் கழுவ எழுந்தாள். அக்கா வேண்டாம் என்று பிடுங்கித் தானே கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

இரண்டு பட்டை முட்டுக் கொடுக்க. அப்படியானால் எட்டு. ஓரத்தில் இடித்ததே, அது சாய்வால் இடிக்கவில்லை. என் முதல் கணக்குதான் சரி.

மார்ச் 23, திங்கள்

அக்கா என்னோடு பேசவில்லை. காபி போட்டு வைத்துவிட்டுப் போனாள். சர்க்கரை போட்டிருந்தாள்.

ஆபீசுக்குப் போனதும் வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன்.

ஜெரால்டு பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஏன்?"

"தப்பு. பத்து இல்ல, எட்டு."

"எட்டா? யாரு சொன்னா?"

"கணக்கு தப்பாயிடுச்சு."

"கணக்குத் தப்பானா இன்னொரு வீடியோ போடலாம். எடுக்க எதுக்கு?" விரலை நக்கிவிட்டு என்னைப் பார்த்தான். "இல்ல தலைவா, எனக்குப் புரியல. நீ கணக்குப் போட்டுத்தானே பத்துன்னு சொன்ன? படத்தைப் பாத்து, அளந்து? அப்படின்னா யாருக்கு என்ன பிரச்சினை? உன் கணக்கு, உன் தப்பு. வேற யாரு மாட்டப் போறாங்க?"

ஏதாவது சொன்னால் அதையும் வீடியோ ஆக்கிவிடுவான் என்று என் வேலையைப் பார்க்க உட்கார்ந்தேன்.

அவன் மட்டுமா? அந்தப் பெங்களூர் அதிகாரி, ஏஜென்சிக்காரன், எட்டா பத்தா என்று அடித்துக்கொள்ளும் அந்த மன்றத்துக்காரர்கள், ஒரு மங்கலான படத்தை வெளியே விட்டு வேடிக்கை பார்க்கும் கம்பெனி. இத்தனை பேர் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் விட்டுவிட்டு ஒரு வாக்கியம் எழுதினவனைக் கேட்பது என்ன நியாயம்?

மாலையில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கி பூண்டு உரிக்கும்போது, 'சிப்பு மேலயா'ன்னு எதுக்குடா கேட்ட?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா," என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

இன்னும் வெயில் வரவில்லை. அக்கா கிளம்பிவிட்டாள். சீருடை, தலையில் வலை, அடையாள அட்டை. வழக்கமாக நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இன்று என்னை எழுப்பி, என் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். இஸ்திரி போட்ட சட்டை.

"எழுந்திரு. நீயும் வர்ற."

"எங்க?"

"கம்பெனிக்கு. அந்தப் பெங்களூர்காரரு இன்னும் ரெண்டு நாள் இருப்பாராம். அவருகிட்ட சொல்லு. எங்க கேட்ட, யாருகிட்ட கேட்ட, எல்லாம் சொல்லு."

"உனக்குப் பைத்தியமாக்கா? உன்னைத்தான் அனுப்புவாங்க. ஏப்ரல்ல ரோல்ல பேர் வருது. இவ்வளவு நாள் நின்னது எதுக்கு?"

"அனுப்பட்டும். பேசனது நான்தான? ஷகிலா பேரு எல்லா ஏஜென்சிக்கும் போயிருக்கு. அவளுக்குக் கல்யாணம் வேற நிக்குது, அந்தப் பையன் வீட்ல கேக்கறாங்களாம், போலீஸ் கேசு ஆகுமான்னு."

"இது கம்பெனியோட அயோக்கியத்தனம்க்கா. நாம ஏன் அவங்க விளையாட்டுக்குள்ள போகணும்? நிரூபணமே இல்லாம ஒருத்தியை அனுப்பினது அவங்க தப்பு. அதை எதிர்த்துப் பேசணும். யூனியன் மாதிரி ஒண்ணு..."

"கம்பெனிக்காரன் அயோக்கியன்தான். நான் இல்லன்னு சொல்லலையே. அவன் பண்ணதை அவன்கிட்ட கேப்போம். நீ பண்ணதை நான் யாருகிட்டடா கேக்கறது?"

நான் என்ன பண்ணினேன் என்று கேட்டேன். கணக்குப் போட்டேன் என்று சொன்னேன். படத்தைக் காட்டி விளக்கக்கூட லேப்டாப்பைத் திறந்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. வீக்கம் குறையாத கட்டைவிரலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பிறகு வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

இப்போதும் அங்கேதான் நிற்கிறாள். நான் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. இரண்டாவது தடவையும் அடித்துவிட்டது. அக்கா என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"எழுதினது போதும், மோகனு. வர்றியா இல்லையா? எனக்கு இப்ப சொல்லு."